மச்சானின் காதுக்கு ஒரு மென்பொருள்

1

இந்தக் கதை எழுத்தாளரின் பெருந்தன்மையில் பிறந்தது. எல்லோரிடமும் அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். உண்மையில் அது பிறந்தது சாப்பாட்டு மேசையில், வாய்க்கொழுப்பில். (அவரைப் படர்க்கையில் எழுதக் காரணம் உண்டு. ‘நான்’ என்று எழுதினால் பழி நேரே வீட்டுக்கு வந்துவிடும்.)

அவருடைய மனைவியின் அண்ணன் பல் மருத்துவர். ஊரார் வாயைத் திறக்கவைத்தே சம்பாதித்தவர், தன் வாயை அதிகம் திறந்ததில்லை. போன வருடம் இரண்டு கண்ணிலும் பார்வை போனபின் தங்கை வீட்டு மாடியறைக்கு வந்துவிட்டார். எதையும் தங்கைதான் படித்துக் காட்டுவாள். அன்று தட்டில் விரலை வைத்தபடி சொன்னார்:

“நான் என்ன படிக்கிறேன்னு இன்னொருத்தருக்குத் தெரியாம ஒரு பக்கம் படிக்கணும் மாப்பிள்ளை. அவ்வளவுதான்.”

“அதுக்கென்ன மச்சான், நான் பாத்துக்கறேன்” என்றார் எழுத்தாளர். பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அப்போது அவருக்குத் தெரியாது.

2

தொடக்கம், முதல் வரைவு: “அறிவியலும் அன்பும் கைகோத்த அந்த மாலையில்—”

வேண்டாம். அடுத்தது: “இருள் என்பது—”

இருள் என்பது என்னவென்று தெரிந்தவர் மாடியில் இருக்கிறார். எழுத்தாளர் அவரைக் கேட்கவில்லை. விஷயத்துக்கு வருவோம்.

திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று கிடைத்தது. தயார்நிலையில் கிடைத்த பதிப்பு தமிழைப் பாதி மென்று பாதி துப்பியது. யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சரிசெய்து, மூல நிரலை இணையத்தில் பொதுவில் வைத்திருந்தார். மூல நிரல் என்பது சமைத்த சாப்பாடு அல்ல, சமையல் குறிப்பு. விண்டோஸ் கணினியில் நாமேதான் சமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு, நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றித்தரும் ஒரு கம்பைலர். கம்பைலரை ஏவ இன்னொரு கருவி. அந்தக் கருவிக்குப் பைத்தான் என்ற நிரல்மொழி, அதுவும் சொன்ன பதிப்புதான், புதியது ஆகாதாம். பிறகு நிரல் நூலகங்கள். ஒவ்வொன்றும், சித்தப்பா பெரியப்பாவையெல்லாம் கூட்டிக்கொண்டுதான் உள்ளே வருவேன் என்றது.

(கதையும் அப்படித்தான். மச்சானை எழுத ஒரு நாற்காலி வேண்டும், நாற்காலிக்கு ஒரு சன்னல், சன்னலுக்கு மழை. மழையை நீக்கியாயிற்று.)

3

பிழை. சிவப்பு எழுத்தில், ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று. கோப்போ கண்ணெதிரே இருந்தது. எல்லாவற்றையும் நீக்கி மறுபடி நிறுவினார். அதே பிழை. கம்பைலரைத் திட்டிவிட்டு, தொழில்நுட்பத்தின் அறமின்மை பற்றி மனைவிக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். மச்சான் மட்டும் ஒருமுறைகூட “ஆச்சா?” என்று கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

கடைசியில் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, புண்ணியவான் எழுதிவைத்த வழிமுறையை மேலிருந்து படித்தாள்.

“முதல் பக்கத்துலயே போட்டிருக்கே. ஃபோல்டர் பேர் ஆங்கில எழுத்துல இருக்கணும், நடுவுல இடைவெளி கூடாதுன்னு. நீங்க என்ன வச்சிருக்கீங்க?”

வாயால் சொல்லக் கூசி, திரையைக் காட்டினார்: ‘இருளை வென்ற என் எளிய முயற்சி’.

“முதல் பக்கத்தைப் படிக்கவே இல்லையா?”

“முன்னுரைன்னு நினைச்சேன்.”

தன் நாவல்களுக்கு முழ நீள முன்னுரை எழுதி, அதைத் தாண்டிப் போகும் வாசகரை மேடைக்கு மேடை வைகிறவர் சொன்ன பதில் இது. மனைவி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஃபோல்டருக்கு ஒற்றை ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்து, முதலிலிருந்து ஓட்டினாள். வரிகள் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. நின்றபோது சிவப்பு இல்லை.

4

எழுத்தாளர் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த முடிவுகள்:

அ) மச்சான் முதலில் கேட்பது எழுத்தாளரின் நாவல். கண்ணீர் வழிகிறது.

ஆ) மேற்படியே, கண்ணீர் இல்லாமல். தழுதழுத்த குரலில், “மாப்பிள்ளை, நீங்க—”

இ) மச்சான் தூங்கிவிடுகிறார். (இது மனைவி சேர்த்தது.)

நடந்தது வேறு. கணினியை மாடிக்குத் தூக்கிப்போய், சோதனைக்காக என்று தன் நாவலைத் திறந்துவைத்தார். மென்பொருள் ஒரு வாக்கியம் வாசித்தது, சுத்தமான தமிழ். விசைப்பலகை மச்சானுக்குக் கைப்பழக்கம். தடவிப் பார்த்து அதை நிறுத்தினார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

“ரொம்ப நன்றி மாப்பிள்ளை. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க.”

சாத்தினார். சாத்திவிட்டு, வெட்கமில்லாமல் கதவில் காதை வைத்தார். விசைகள் தட்டும் ஓசை கேட்டது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மச்சான் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்தபின் யாரும் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

எதைப் படித்துச் சிரித்தார்? ஊகித்து எழுத நாலு பத்தி கைவசம் இருக்கிறது. எழுதப்போவதில்லை. தெரியாமல் இருக்கத்தானே இத்தனை பாடும்.

வாசகரே, நீங்களும் கதவிலிருந்து காதை எடுங்கள். கீழே போவோம்.