கும்ஜுவைச் சமையல்காரியாக எழுதாமல் இருப்பது எப்படி

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் கும்ஜு. சொன்னாள் என்பது மரியாதைக்கு, உண்மையில் மிரட்டினாள்.

"எழுதறதுன்னா எழுது. ஆனா என்னை நல்லா சமைக்கிறவளா மட்டும் எழுதாத. என் மாமியார்லேர்ந்து எதிர்வீட்டுக்காரி வரைக்கும் அதைத்தான் சொல்றாங்க."

ஒப்புக்கொண்டேன். கதை நடப்பது அடுப்படியில் என்பது பிறகுதான் உறைத்தது.

2.

முதல் தொடக்கம்: "சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு மறுநாள், வோன்ஜு நகரத்தின் அடுக்ககம் ஒன்றில் மூன்று பெண்கள்..." அடித்துவிட்டேன். மேலே பறந்துகொண்டு பார்ப்பதுபோல் இருக்கிறது. மூவரில் ஒருத்தி நான், வீடும் என்னுடையது.

இரண்டாவது: ஒவ்வொரு பண்டிகைக்கு மறுநாளும் அவரவர் மாமியார் வீட்டு மிச்சத்தோடு கூடுவோம். முட்டையில் தோய்த்துப் பொரித்த மீன், பூசணி, டோஃபு. எல்லாவற்றுக்கும் ஜோன் என்று பெயர். மூன்று வீட்டு ஜோனையும் ஒரே சட்டியில் அடுக்கி, புளித்த கிம்ச்சி ஊறுகாய் சேர்த்துக் கொதிக்கவிடுவோம். அது கொதிக்கும்போதே கிழக்குக் கடற்கரைக்கு எப்போது கிளம்புவது என்ற பேச்சும் தொடங்கிவிடும். வருடா வருடம் ஓட்டுபவள் எங்களுக்கு மூத்த மல்ஹீ அக்கா.

இந்த முறை அக்காவை அவள் காரிலேயே மகன் கொண்டுவந்து விட்டான். காரைக் கீழே நிறுத்திவிட்டு அவன் பேருந்தில் போய்விட்டான். அக்காவின் கண்ணில் கோளாறு. இனி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சாவி மேசையில், முள்ளங்கிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

எனக்கு லைசென்ஸ் இல்லை. கும்ஜுவிடம் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது. [இதை நாங்கள் அலமாரி லைசென்ஸ் என்போம். பல வருடமாகத் துணிகளோடு தூங்குகிறது.]

3.

வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, வரைவில் கரண்டியை என் கையில் கொடுத்துக் கிளறவைத்தேன்.

"கிளறாதடி, கூழாயிடும். சாறை மட்டும் மேலே அள்ளி ஊத்து."

கரண்டி கும்ஜுவின் கைக்குப் போய்விட்டது. (இங்கே கரண்டியையும் ஸ்டியரிங்கையும் ஒப்பிட்டு ஒரு வாக்கியம் இருந்தது. வெட்கமாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.)

"உல்ஜின் கடற்கரைக்குப் போனப்ப வழி கேக்கறேன்னு இறங்கினியே, ஞாபகமிருக்கா?" என்றாள் அக்கா என்னிடம்.

"கேட்டேனே."

"எங்க கேட்ட?" என்றாள் கும்ஜு. "இருபது காஞ்ச கணவாய் மீனோட வந்த. வீடு வரைக்கும் வண்டி நாறிச்சு."

"இப்பவும் நாறுது. வாங்கறவன் தலையெழுத்து," என்றாள் அக்கா. "அடுத்த வாரம் வித்துடலாம்னு இருக்கேன். ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்கு?"

சட்டி கொதித்தது. நாங்கள் இருவரும் கும்ஜுவைப் பார்க்காமல் இருந்தோம். வண்டி போனால் கடலும் போய்விடும். ரயில் இருக்கிறதுதான்; ஆனால் அது கணவாய்க்காரியிடம் நிற்காது.

"உன் லைசென்ஸ் இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டேன்.

"போன மாசம் புதுப்பிக்கப் போனேன். இத்தனை வருஷத்துல ஒரு விபத்துகூட இல்லையாம். பெரிய லைசென்ஸா மாத்திக்கறீங்களான்னாங்க, சரின்னுட்டேன். இப்ப நான் லாரி ஓட்டலாம்."

"ஓட்டாதவ எப்படிடி இடிப்பா?"

"அதை அவங்க கேக்கல. நானும் சொல்லல."

சிரித்ததில் அக்காவுக்குப் புரையேறியது.

4.

கும்ஜு பயந்தவள் என்று குறித்துவைத்திருந்தேன். இப்போது சந்தேகம். பயந்தவள் ஏன் சரி என்றாள்? கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்ட, கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுகப் பல்லைக் கடித்தார். அன்றோடு ஓட்டுவதை விட்டாள். அதற்குப் பயம் என்று பெயர் வைத்தது நான். ஒருவேளை அது, தன்னை யாரும் அப்படிப் பார்க்காத ஒரு

[இதை முடிக்கத் தெரியவில்லை. இருக்கட்டும்.]

அரிசிக் கள்ளை ஊற்றினேன். வழக்கமாகக் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடி, "நான் வண்டி ஓட்டணும்" என்பவள் அக்கா. முதலில் காலி செய்பவள் கும்ஜு. இன்று அக்கா கிண்ணத்தை நீட்டினாள். கும்ஜுவின் பக்கம் போனேன்.

அவள் தன் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மறு கை சாறை அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தது.

அக்கா ஒரு மடக்குக் குடித்தாள். "இன்சூரன்ஸ்ல உன் பேரைப் போன வாரமே சேர்த்துட்டேன்."

"அப்ப விக்கறேன்னு சொன்னது?"

"வித்திருப்பேன். நீ குடிச்சிருந்தா."

5.

முதல் முடிவில் கடல், அலை, மூன்று ஜோடிச் செருப்பு. அழகாக இருந்தது, நான் நம்பவில்லை. இரண்டாவதில் வண்டி தூணில் உரசுகிறது, எல்லோரும் சிரித்தபடி மாடியேறுகிறார்கள். அந்தச் சிரிப்பில் கும்ஜு இல்லை. கதை முழுக்க அவளைச் சமைக்கவைத்துவிட்டு, முடிவையும் நானே எழுதுவது நியாயமில்லை.

நடந்ததில் இவ்வளவு தருகிறேன். மிச்சத்தின் மிச்சத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினோம். கும்ஜு இருக்கையை முன்னால் இழுத்தாள். அக்கா பக்கத்தில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். வளாகத்தின் வாசல் வரை வண்டி வந்துவிட்டது. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகவே போகும், அதனால் வலப்பக்கம் திரும்புவது சுலபம். கட்டடத்தைச் சுற்றி மறுபடி வீடு. இடப்பக்கம் திரும்ப எதிரே வரும் வண்டிகளைக் கடக்க வேண்டும். அந்தப் பக்கம்தான் நெடுஞ்சாலை, கடல்.

கும்ஜு இண்டிகேட்டரைப் போட்டாள். வைப்பர் ஆடத் தொடங்கியது. வானத்தில் மேகமே இல்லை.

"எந்தப் பக்கம் போட்ட?" என்றாள் அக்கா.

"இரு அக்கா. பாத்துட்டிருக்கேன்ல."

பின் இருக்கையில் எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, ஏறிக்கொள்ளுங்கள். டப்பாவைச் சாய்க்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் என்று மட்டும் நம்மில் யாரும் சொல்ல வேண்டாம்.