மாமாவுக்குக் கடைசியாய் வார்த்தவர்

செத்தவீட்டுப் பந்தலில் ஏணி வைத்துத் தென்னோலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த கதிரவேலின் காதில் நாலாவது தடவையாக அது விழுந்தது.

"முருகேசர் குடுத்துவைச்ச மனுசன். கடைசியாய்க் குடிச்சது கப்பல் விஸ்கியெல்லே! மூத்த மருமோன் தன்ர கையால வார்த்தவராம்."

மூத்த மருமகன் யோகலிங்கம் துறைமுகக் கந்தோரில் எழுத்தர்களுக்கெல்லாம் மேலான பிரதம லிகிதராக உயர்ந்ததற்கு முந்தின இரவு வைத்த விருந்தில் நடந்தது அது. மாமனார் முருகேசரைப் பெரிய கதிரையில் இருத்தி, போத்தலின் லேபல் சபைக்குத் தெரியத் திருப்பிப் பிடித்து வார்த்தார். சகலன் கதிரவேலிடம் சோடாவை நீட்டி, "தம்பி, உமக்கு இது பழக்கமில்லை" என்றார். கதிரவேல் கோபித்துக்கொண்டு முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டான். பிறகு மாமா தனியே தள்ளாடி வந்து, கதிரவேலின் வீட்டுப் படலைக் கதவைத் தாண்டிப்போய், தன் வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்தார். எழும்பவில்லை.

"கப்பல் விஸ்கி என்ன பெரிய விஸ்கி?" ஏணியிலிருந்தே கதிரவேல் சொன்னான். "அங்கயிருந்து வெளிக்கிட்டு மாமா என்ர வீட்டதான் வந்தவர். நான் ரெண்டு கிளாஸ் வார்த்தனான். அதைத்தான் ருசிச்சுக் குடிச்சவர்."

பந்தலே அண்ணாந்து பார்த்தது. பதினொரு வருட மருமகன் உத்தியோகத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் மரியாதை. தகப்பனின் தலைமாட்டில் இருந்த கதிரவேலின் மனைவி புஸ்பராணியும் புருசனைப் பார்த்தாள்.

பத்து மணிக்கு மரண விசாரணை அதிகாரி வந்தார். அவர் கையெழுத்திடாமல் பிரேதத்தை எடுக்க ஏலாது.

"வயசான மனுசனுக்கு வெறிக்கிற அளவுக்கு வார்த்து, தனிய அனுப்பினது ஆர்? வீட்டில வைச்சுக் குடுத்தவர்தான் பதில் சொல்லவேணும். வழக்கும் வரலாம்."

பிரதம லிகிதர் அந்த நிமிடமே சிற்றூழியரானார். "ஐயா, போத்தல்தான் விஸ்கி. உள்ளுக்கு இருந்தது எங்கட சாராயம். அதுவும் ஒரு மூடி. மிச்சமெல்லாம் சோடா. பிறகு தம்பி வீட்டதான் குடிச்சவர். தம்பியே சொன்னவர்."

இரவெல்லாம் பொறாமைப்பட்டது சாராயத்துக்கு என்பது கதிரவேலுக்கு அப்போதுதான் தெரிந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் தப்பிவிடலாம். ஆனால் மாமா தன் படலையைத் திரும்பியும் பார்க்காமல் போனது ஊருக்குத் தெரிந்துவிடும்.

"ஓம் ஐயா. கடைசியாய் வார்த்தது நான்தான்."

யோகலிங்கத்தின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. கதிரவேலுக்கு அந்த நிம்மதியின் மீதும் பொறாமை வந்தது.

"எந்தக் கிளாஸில குடுத்தனீர்?" என்றார் அதிகாரி. "கொண்டாரும், பாப்பம்."

கதிரவேல் அசையவில்லை. புஸ்பராணி எழும்பி, இரண்டு வளவு தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் போய், கலியாணத்துக்குப் பரிசாக வந்த கிளாஸ் ஒன்றைக் கொண்டுவந்து அதிகாரிக்கு முன்னால் வைத்தாள்.

"இதுதான் ஐயா."

கடையில் பெட்டிக்குள் அடுக்கியபோது கிளாஸுக்குள் திணித்த வைக்கோல் அப்படியே இருந்தது. அவள் இரண்டு விரலை விட்டு அதை இழுக்கத் தொடங்கினாள்.

அதிகாரி கிளாஸைப் பார்த்தார். கதிரவேலைப் பார்த்தார்.

"விடு பிள்ளை, காணும்," என்றார் மெதுவாக. "படி வழுக்கினதெண்டு எழுதுறன்."

புஸ்பராணி நிறுத்தவில்லை. வைக்கோல் வந்துகொண்டேயிருந்தது.