முதல் வாய் சாப்பாடு

ஆடி அமாவாசையன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு, 401 நெடுஞ்சாலையில் ஜேன் வீதிக்கு இறங்கும் இடத்தில், வாடகைக் காரின் ரயர் வெடித்தது.

மகள் துவாரகா படிக்கப்போகும் பல்கலைக்கழகத்தைப் பார்ப்பதற்காக வினோதன் அவளோடு எட்மன்டனிலிருந்து வந்திருந்தார். மோர்னிங்சைட்டில் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தாயிற்று. மத்தியானம் மிசிசாகாவில் சினேகிதர் வீட்டில் விரதச் சாப்பாடு, நாலரைக்கு விமானம் என்று நினைத்திருந்தார்கள். மெல்ல உருட்டிக்கொண்டுபோய்ச் சேர்ந்த இடத்தில் ரயர் கடைக்காரரோ ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

வினோதனின் அப்பா மாசியில் இறந்துபோனார். இதுதான் முதல் ஆடி அமாவாசை. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைய சாப்பாட்டில் முதல் வாயை வெளியாள் ஒருவர் சாப்பிடவேண்டும். அதன் பிறகுதான் விரதகாரர் தொடலாம். அப்பா ஒரு வருடமும் அதைத் தவறவிட்டதில்லை. அவருக்காக இன்று அதைச் செய்வதாக வினோதன் அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

லண்டனிலிருந்து அண்ணன் பாக்கியராசா அழைத்தார்.

"நான் இஞ்ச எல்லாம் முடிச்சிட்டன். நீ?"

"ரயர் கடையிலை நிக்கிறன், அண்ணை."

"அப்ப ரயருக்கே படைக்கப்போறாய்? உன்னாலை உது ஏலாதெண்டு அம்மாட்டை அப்பவே சொன்னனான்."

"ஒரு ஆள்தானே வேணும். பிடிக்கிறன்."

பக்கத்தில் ஒரு வியட்நாம் உணவகம். ஆறே ஆறு மேசைகள், மூலையில் சாப்பிட்டு முடித்துத் தேநீர் குடிக்கும் இரண்டு கிழவர்கள். வாசலோரம் தரையில் சிறிய சிவப்புச் சாமிமாடம், அதில் தோடம்பழமும் ஊதுபத்தியும். கடைக்கார அம்மாவின் பெயர் ஹான். வினோதனின் நெற்றியில் திருநீற்றைக் கண்டதும் மெனுவைக் கொடுக்காமல் நின்றார்.

"உங்களுக்கு இன்று இறைச்சி ஆகாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆகாது."

"அப்படியென்றால் மெனு வேண்டாம். மரக்கறி சூப் என்று போட்டிருப்பதும் மாட்டெலும்புச் சாற்றில் செய்ததுதான். நாளை எங்கள் சந்திர மாதப் பிறப்பு. இன்றும் நாளையும் நானும் மச்சம் தொடமாட்டேன். எனக்கென்று உள்ளே ஒரு பானை இருக்கிறது. முள்ளங்கி, சோளம், காளான். மீன் சோஸ் ஒரு சொட்டும் இல்லை."

கேட்காமலே காப்பாற்றிவிட்டார். வினோதன் மனதுக்குள் முருகனுக்கு நன்றி சொல்லி மூன்று கிண்ணம் கேட்டார்.

மூன்றாவது கிண்ணத்துக்கு ஆள் தேடி வெளியே போனார். ரயர் கடைக்காரர் சாப்பிட்டுவிட்டதாக வயிற்றைத் தட்டிக் காட்டினார். பஸ் தரிப்பிடத்தில் நின்ற பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாப்பிட்டால் எதில் கையெழுத்துப் போடவேண்டும்?"

"ஒன்றிலும் இல்லை. சும்மா."

"சும்மா என்றால் நிச்சயமாக வேண்டாம்." அவள் இரண்டடி தள்ளி நின்றாள்.

துவாரகா வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, யூ லுக் லைக் அ ஸ்காமர். உப்பிடிச் சிரிச்சுச் சிரிச்சுக் கூப்பிட்டா ஆர் வருவினம்? வாங்கோ உள்ள."

உள்ளே மூன்று கிண்ணங்களிலும் ஆவி பறந்தது. மணி ஒன்றரை. வினோதன் ஹானைப் பார்த்தார்.

"நீங்கள் சாப்பிடுங்கள்."

"வந்தவர் சாப்பிடுமுன் நான் கைவைக்கமாட்டேன். இருபத்தேழு வருடமாக இந்தக் கடையில் அப்படித்தான். நீங்கள் முதலில்."

"இல்லை, நீங்கள்தான் முதலில்."

"நீங்கள்."

இருவரும் கையை நீட்டியபடி நின்றார்கள். நூடில்ஸ் ஊறத் தொடங்கியது. துவாரகாவின் வயிறு வேறு சத்தம் போட்டது.

வினோதன் கையை இறக்கினார். அப்பாவைப் பற்றியும், வீட்டு வழக்கத்தைப் பற்றியும், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றியும் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். முடித்ததும் ஹான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் வயதென்ன?"

"நாற்பத்தாறு."

ஹான் சிரித்துவிட்டார். "எனக்கு அறுபத்திரண்டு. எங்கள் குடும்பத்து மேசையில் மூத்தவர் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். ஆனால் இளையவர்கள் வாய்விட்டு அழைக்கவேண்டும். கடைக்காரியை அழைத்தால் வரமாட்டேன். அக்காவை அழையுங்கள், வருகிறேன்."

சொல்லிக்கொண்டே ஏப்ரனைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டார்.

வினோதன் எழுந்து நின்றார். அந்த வார்த்தையை ஆங்கிலத்தில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"அக்கா, சாப்பிடுங்கோ."

"அன்ரி, சாப்பிடுங்கோ," என்றாள் துவாரகாவும்.

ஹான் உட்கார்ந்தார். மாடத்துப் பக்கம் திரும்பி ஒருமுறை தலைகுனிந்துவிட்டு, கரண்டியை எடுத்து முதல் வாய் குடித்தார்.

"போதும் அக்கா, கடன் தீர்ந்தது," என்றார் வினோதன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒரு வாயோடு எழுந்தால் அது விருந்தா? உங்கள் அப்பா என்ன நினைப்பார்?"

கடைசி நூடில்ஸ் வரை சாப்பிட்டார். கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி மிச்சச் சாற்றையும் குடித்தார். பிறகு வெறுங்கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். மூலை மேசையிலிருந்து இவ்வளவு நேரமும் வேடிக்கை பார்த்த அந்தக் கிழவர்கள் தேநீர்க் கோப்பைகளை உயர்த்தி ஆரவாரம் செய்தார்கள். தெருவில் விருந்தாளி தேடிய மனிதருக்கு ஆண்டவன் சமையலறையிலேயே ஒருவரை வைத்திருந்தான்.

அதன் பிறகு வினோதன் சாப்பிட்டார். நூடில்ஸ் ஊறிப்போயிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினார். சாப்பிட்டபடியே துவாரகாவின் படிப்பைப் பற்றியும் ஹானுக்குச் சொன்னார்.

வெறுங்கிண்ணத்தின் படம் லண்டனுக்குப் போனது. உடனே வீடியோ அழைப்பு வந்தது.

"ஆரடா சாப்பிட்டது?"

"அக்கா, அண்ணை."

"எங்களுக்கு ஏதடா அக்கா?"

"இண்டைக்குக் கிடைச்சவ. இஞ்ச, பக்கத்திலை இருக்கிறா."

ஹான் தொலைபேசியை எட்டிப் பார்த்துக் கையசைத்தார்.

"சரி," என்றார் பாக்கியராசா. குரல் இறங்கியிருந்தது. "அம்மாட்டை நானே சொல்லுறன். தம்பி வடிவாச் செய்திட்டான் எண்டு."

ரயர் கடைக்காரர் கண்ணாடிக்கு வெளியே நின்று கார்ச் சாவியை ஆட்டினார். ஹான் ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டு கதவுவரை வந்தார்.

"துவாரகா இங்கேதான் படிக்கப்போகிறாள் என்றீர்களே," என்றார். "அமாவாசைக்கு அமாவாசை என் பானையில் அவளுக்கும் ஒரு கிண்ணம் இருக்கும். ஆனால் நான்தான் முதலில்."

"ஓம் அன்ரி," என்றாள் துவாரகா.