நான்காவது மாடியில் யாருமில்லை

என் பெயர் கதிரவன், வயது இருபத்து மூன்று. டெல்லியில், நான்காவது மாடி இல்லாத ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் குடியிருக்கிறேன். முதலில் மாடி இருந்தது. வீட்டுக்கார ஆன்டி அனுமதி வாங்காமல் மூன்று மாடிக்கு மேல் ஓர் அறை எழுப்பி, தகரக் கதவு போட்டு, ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக் கடையில் வேலை பார்க்கிற எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஹோலி முடிந்த வாரம் வார்டு ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கமேட்டிக்காரர்கள் என்று தெருவில் சொல்வார்கள். அவர்கள் தலை தெரிந்தால் கட்டடம் முழுக்க ஒரே பதில் சொல்வதுதான் இங்கே வழக்கம். நான் வந்த புதிதிலேயே மூன்றாவது மாடி பச்சைமுத்து அண்ணன் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். "தம்பி, யாரு கேட்டாலும் மேல யாரும் இல்ல. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசுன, உன் மூட்டையும் தெருவுல, என் மூட்டையும் தெருவுல. அச்சா?"

வந்த இன்ஜினியர் மரியாதையானவர், எல்லோரையும் ஜி போட்டுப் பேசினார். அந்த வார்டில் இப்போது முறை மாறிவிட்டதாம். முதலில் விசாரிப்பார்கள், அப்புறம் எடுத்துச் சொல்வார்கள், சுத்தியல் கடைசியில்தான். ஜனங்கள் சொல்வதை அப்படியே நம்புவது என்றும் முடிவாகியிருந்தது. வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மேலே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஆன்டி இல்லை என்றார். பச்சைமுத்து அண்ணனும் அவர் மனைவி சாந்தகுமாரி அக்காவும் இல்லை என்றார்கள். வாளியோடு நின்ற என்னிடமும் கேட்டார். "கோயி நஹி ஜி", யாருமில்லை என்றேன். அவர் நம்பினார். கைகூப்பிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலத்திலிருந்து மற்றவர்களுக்குப் படிக்கட்டு மூன்றாவது மாடியோடு முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் மேலே போகிறது. மழை என் அறைக்குள் நேராகப் பெய்து, என்னையும் பாயையும் நனைக்காமல், பச்சைமுத்து அண்ணன் வீட்டுக் கூரையில் போய் விழுகிறது. ஆகஸ்ட் பதினைந்து அன்று பக்கத்து மாடிப் பையன்கள் விட்ட பட்டங்கள் ஒரு சுவரில் நுழைந்து அடுத்த சுவரில் வெளியே போயின. குழாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் தண்ணீர் வருகிறது. வாடகையும் நிற்கவில்லை. மாதம் பிறந்ததும் ஆன்டி மூன்றாவது மாடியில் நின்று, ஆகாயத்தைப் பார்த்துக் கத்துவார். கீழே பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. இறங்கிவிட்டால் எல்லோரையும் போலத்தான், கடையில் திட்டு வாங்குகிறேன், பஸ்ஸில் மிதிபடுகிறேன். ஏறிவிட்டால் காலை வரை என் பெயரைச் சொல்ல ஆளில்லை. சில நாள் நானே சொல்லிப் பார்ப்பேன்.

ஐப்பசியில் தங்கச்சி அகல்யாவுக்கு இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. என்னோடு தங்கிச் சமைத்துச் சாப்பிடலாம் என்று குக்கரோடு வந்தாள். நான் அரிசி, பருப்பு, இரண்டாவது தலையணை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். மூன்றாவது மாடி வரை மூச்சு வாங்க ஏறியவள் அங்கேயே நின்று போன் போட்டாள். நான் ஒரு படி மேலே, அவள் முகத்துக்கு நேராக நின்று எடுத்தேன்.

"அண்ணா, எங்கடா இருக்க?"

"உன் முன்னாலதான்."

"வெளையாடாத. இங்க வானம்தான் தெரியுது. தூக்க முடியல இத."

ஒரு படி இறங்கினேன். என்னைப் பார்த்ததும் குக்கரைக் கீழே போட்டுவிட்டாள். கையைப் பிடித்து மேலே கூட்டிப்போகப் பார்த்தேன். அவள் கால் படியைத் தேடித் தேடி வெறும் காற்றை மிதித்தது. சாந்தகுமாரி அக்கா கைக்குழந்தையோடு வெளியே வந்து, "விடு தம்பி, புள்ள விழுந்துடப் போறா" என்றார். அன்றைக்கு அகல்யா, சாந்தகுமாரி அக்கா வீட்டில் படுத்தாள்.

மறுநாள் அவள் வார்டு ஆபீஸுக்கே போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். இன்ஜினியர் டீ வரவழைத்துக் கொடுத்து நிதானமாகச் சொன்னார். மேலே ஆள் இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் மகளே, நம்பிவிடுவோம், மாடி உடனே வந்துவிடும். வந்த மாடி அனுமதியில்லாத மாடி, அதனால் இடிக்க வேண்டியிருக்கும் என்றார். என் சுவர்கள் நிற்பது பச்சைமுத்து அண்ணன் கூரைமேல். அந்தக் கூரையில் விரிசலை அடைக்க அவரே சிமென்ட் பூசியிருக்கிறார். சுத்தியல் விழுந்தால் அது தாங்காது, கீழே தொட்டில் தொங்குகிறது. அகல்யா என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன்.

"சொல்லட்டுமா?" என்றாள்.

"வேணாம்."

"அப்ப நீ?"

"எனக்கென்ன, காத்தாடக் கெடக்கேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இன்ஜினியர் திரும்பவும் கேட்டார். மேலே யாருமில்லை என்று அவளும் சொல்லிவிட்டாள். சொல்லும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அகல்யா ஆஸ்டலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். கடைசிப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் போன பிறகு நான் ஏறிவிடுவேன். பச்சைமுத்து அண்ணன் குழந்தை மட்டும் சில நேரம் அண்ணாந்து பார்த்துக் கை நீட்டுகிறது. பேச்சு வந்தால் அதற்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இதைப் போனில் பேசிப் பேசி எழுத்தாக ஏற்றுகிறேன், பிழை இருக்கும். ஊரில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். அம்மா டெல்லிக்கு வந்தால் மூன்றாவது மாடியில் நின்று என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடட்டும். பதில் வரவில்லையே என்று திரும்பிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். செருப்பு மாட்டுகிற நேரம்தான், இறங்கி வந்துவிடுவேன்.