கதவில் சிக்கிய வைக்கோல்

மெட்டில்டாவின் போன் அடித்தபோது மழை வலுத்திருந்தது. உள்ளறையில் மகள் ஏஞ்சலினும் அவள் பெற்ற பச்சைப்பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, காலேஜ்லேர்ந்து சரண்யாதேவி பேசுறேன். உங்க தெருக் கால்வாய்க் கதவு மூடலைன்னு சென்சார் காட்டுது. கடல் ஏறுற நேரம்.”

தூத்துக்குடிக் கடலோரத்து அந்தத் தெருவுக்கு மழையைவிடக் கடல்தான் பகை. கடல் ஏறும் நேரத்தில் உப்புத் தண்ணீர் மழைநீர்க் கால்வாய் வழியே எதிர்த்து ஏறி வீட்டுக்குள் வந்துவிடும். போன வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் வீட்டைவிட்டு இறங்கியவள் மெட்டில்டா. அதற்குப் பிறகுதான் கல்லூரிக்காரர்களும் மாநகராட்சிக்காரர்களும் தெருவாரும் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். கால்வாய்த் தொட்டிக்குள் கடல் தள்ளினால் தானே சாத்திக்கொள்ளும் இரும்புக் கதவு. தெருத் தண்ணீரைக் கதவுக்கு அந்தப் பக்கம் இறைக்க ஒரு மோட்டார். மோட்டாருக்குத் தன் மாடிப்படியில் இடம் விட்டவள் மெட்டில்டா. இந்த மழைதான் அதற்கு முதல் பரீட்சை. பச்சைப்பிள்ளையோடு தண்ணீரில் இறங்க இன்னொரு முறை அவளால் ஆகாது.

குடையோடு வெளியே வந்தாள். தொட்டி மூடியின் மேல் கிறிஸ்துமஸ் குடில் நின்றது. தெருவிலேயே மேடான இடம் என்று எதிர்வீட்டுப் பவுல் கட்டியது.

“ஏலே பவுலு, குடிலத் தூக்கு.”

“யக்கா, லைட்டெல்லாம் போட்டாச்சு. நாளைக்கிச் சர்ச்சு சாமியாரு குடில மந்திரிக்க வாராரு.”

“உள்ள கொழந்த இருக்கா?”

“கொழந்த யேசுவ இருவத்தி நாலாந்தேதி ராத்திரிதான வைப்பம்.”

“என் வீட்டுல இருக்குலே. தூக்கு.”

பவுல் ஆட்களைக் கூப்பிட்டான். மாதா, சூசையப்பர், ஆட்டுக்குட்டிகள் எல்லாம் மெட்டில்டா வீட்டு சோபாவில் ஏறின. மூடியை நகர்த்தினால், குடிலில் பரப்பிய வைக்கோல் அதன் கம்பிச் சந்து வழியே உள்ளே விழுந்து, கதவு சாத்தவிடாமல் கொத்தாய் அடைத்திருந்தது. தண்ணீர் வாசலின் முதல் படியை மூடிவிட்டது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு.

“அக்கா, யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மேலே நின்னே இழுங்க,” என்றது போன்.

பவுல் நீளக் கம்பில் கொக்கி கட்டி இழுத்தான். கொத்துக் கொத்தாய் வந்தது.

“மூடிருச்சு அக்கா, சென்சார் காட்டுது. மோட்டாரைப் போடுங்க.”

தண்ணீர் இரண்டாம் படிக்கு ஏறவில்லை. வெகுநேரம் கழித்து முதல் படி மெல்லத் தலைகாட்டியது. மெட்டில்டா ஈரத்தோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் சரண்யாதேவி நனைந்து வந்தாள். சோபாவில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தாள்.

“தப்பு எங்க மேலதான் அக்கா. கம்பிக்கு வலை போட்டிருக்கணும். இங்க குடில் வைப்பீங்களான்னு கேட்கவே தோணலை.”

“நாங்களுந்தான் சொல்லல. ஆராய்ச்சி சேந்து பண்ணுதோம், தப்பும் சேந்தே இருக்கட்டும். தலையத் தொவட்டு, பிள்ள.”

தலை துவட்டி முடிந்ததும் மெட்டில்டா பேரனைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். தூக்கத்திலேயே அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

“நீ எந்தச் சாமியக் கும்பிட்டாலும் சரி. இன்னையிலேர்ந்து எங்க செபமாலையில உன் பேரும் உண்டு, ஒங் கூட்டாளிமாரு பேரும் உண்டு.”

“அப்போ எம் பேரு?” என்றான் வாசலில் நின்ற பவுல்.

“வைக்கோல் போட்டவனுக்கா?” மெட்டில்டா கொஞ்சம் யோசித்தாள். “சரி, இழுத்தவனும் நீதான. கடேசில சேத்துக்கிடுதேன். வா, காப்பி குடி.”