பத்தாவது கேட்

ஒன்றரை வருடத்தில் ஏஜென்ட் தன் மனைவிக்கு ஒன்பது கேட்டுகளைக் காட்டியிருந்தார். கோட்டையின் கேட், மியூசியத்தின் கேட், மிருகக்காட்சி சாலையின் கேட். எந்தக் கேட்டுக்குள்ளும் இருவரும் போனதில்லை.

காரணம் அவர் வாய். முப்பத்தோரு வருடம் இன்சூரன்ஸ் விற்ற வாய். ஓய்வு பெற்றதும் அவர்களுடைய கிறிஸ்தவ சபை இருவரையும் கடல் கடந்து ஊழியத்துக்கு அனுப்பியது. வெள்ளிக்கிழமை வரை சபை அலுவலகத்தில் வேலை. அவர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவார். அரசு ஆஸ்பத்திரியில் வார்டு நர்சாக இருந்த மனைவி, இளம் ஊழியர்களின் காய்ச்சலையும் கள்ளக் காய்ச்சலையும் பிரித்துக் கொடுப்பாள். சனிக்கிழமை விடுமுறை. "சனிக்கிழமை முழுக்க உனக்குத்தான். ஊரெல்லாம் சுத்திக் காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு கேட்டிலும் டிக்கெட் கொடுக்க ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார் என்பதை அவர் யோசிக்கவில்லை. எழுந்து ஓட முடியாத ஆள். வெல்லத்தைக் கண்ட எறும்பு சும்மா போகுமா? "தம்பி, நிம்மதியா இருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார். பையிலிருந்து சபையின் கைப்பிரதி வெளியே வரும். இவர் பேசி முடிக்கையில் அவர்கள் கேட்டைச் சாத்துவார்கள்.

ஊரிலிருந்து மனைவியின் தங்கை போனில் கேட்பாள். "இந்த வாரம் என்னக்கா பாத்தே?"

"கேட்டுடி. நல்ல கேட்டு. பச்சைப் பெயின்ட்."

வரும் செவ்வாய்க்கிழமை ஊருக்கு விமானம். இது கடைசிச் சனிக்கிழமை. மிச்சம் இருந்தது அருவி ஒன்றுதான். மனைவி இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் ஏஜென்ட்டைக் குடைந்தது. திட்டுகிற மனைவியைச் சமாளித்துவிடலாம். 'பரவால்லைங்க' என்கிற மனைவியை என்ன செய்வது?

காலையில் கிளம்பும்போது கதவருகே நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

"சோதனை போட்டுக்கோ."

சட்டைப் பையில் ஒன்பது கைப்பிரதிகள், பேன்ட் பைகளில் பதினாலு, சாக்ஸுக்குள் ஒன்று.

"சாக்ஸுக்குள்ளயுமா?"

"அது ஆபத்துக்கு வச்சது."

எல்லாவற்றையும் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அருவியைக் கண்ணால பாக்குற வரைக்கும் வெளியாள்கிட்ட வாயைத் திறக்க மாட்டேன்" என்றார்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் தாங்குதா பாப்போம்."

தாங்கியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தானாகவே மூன்று தடவை பெருமூச்சு விட்டார். அப்படிப்பட்ட ஆளை ஏஜென்ட் வாழ்நாளில் சும்மா விட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மாடுகளை எண்ணினார். நடுவழியில் டயர் பஞ்சராகி இரண்டு மணி நேரம் நின்றபோதும் வாய் திறக்கவில்லை.

அருவிக்கும் கேட் இருந்தது. பக்கத்தில் ஒரு பலகை. மேலே மின்நிலையம், சனிக்கிழமை மட்டும் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மதகைத் திறந்து அருவியில் தண்ணீர் விடுவார்களாம். இப்போது மணி நாலு. நடை கால் மணி. மனைவியின் முழங்காலுக்கு இருபத்தைந்து நிமிடம். தாராளம்.

டிக்கெட் கொடுத்தது ஓர் அம்மாள். ஏஜென்ட் உதட்டை இறுக்கிக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினார். அம்மாள் டிக்கெட்டை நீட்டினாள். மனைவி டிக்கெட்டைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் அழுக்குத் துணிக் கட்டு.

"என்னம்மா கையில?"

"இஸ்திரிப் பெட்டி பட்டுருச்சும்மா. நாலு நாளாச்சு. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையான்னு நான் சொல்றேன். அவுருங்க."

ஏஜென்ட் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ரெண்டே நிமிஷம்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்காரர்களின் இரண்டு நிமிடம் உலகத்துக்கே தெரிந்ததுதான். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. டிக்கெட் அறையிலிருந்த கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆற வைத்து, நனைத்து நனைத்து எடுத்தாள். உள்ளே வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

"யாரு பல்லு பேஸ்ட்டைத் தடவச் சொன்னது?"

"பக்கத்து வீட்டம்மாதான்."

"அவங்களைப் பல்லு விளக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லுங்க."

ஏஜென்ட் இரண்டு டிக்கெட்டுகளையும் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். மணி நாலரை தாண்டியது. புதுக் கட்டைச் சுற்றும்போது, வலி தெரியாமலிருக்க அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கீங்க போல. இங்க என்ன வேலையா வந்தீங்க ஐயா?"

இந்தக் கேள்வியை ஒன்றரை வருடத்தில் ஒருவரும் தானாகக் கேட்டதில்லை. அவரே கேட்பார், அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். இப்போது பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி தலையைத் தூக்கவில்லை. ஆனால் கட்டுச் சுற்றிய கை நின்றது.

ஏஜென்ட் தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் விரலை நீட்டினார். பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

மனைவி முடிச்சுப் போட்டாள். இறுக்கமாகப் போய்விட்டது. அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"அஞ்சு அடிச்சதும் நேரா டாக்டர்கிட்ட போகணும். ஊசி போடாம வீட்டுக்குப் போகக் கூடாது."

"கேட்டை யாரும்மா..."

"கேட்டு எங்கயும் ஓடிறாது. நீங்க ஓடுங்க."

பதினேழு நிமிடம் இருந்தது. மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சரிவில் கிட்டத்தட்ட ஓடினாள். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. முகத்தில் சாரல்கூட அடித்தது. கடைசி வளைவில் திரும்பும்போது யாரோ குழாயை மூடியதுபோலச் சத்தம் இளைத்து, இளைத்து, நின்றது.

எதிரே ஈரப் பாறை. உச்சியிலிருந்து நாலைந்து சொட்டு. நடுவில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

ஏஜென்ட் 'பரவால்லைங்க'வுக்குக் காத்திருந்தார். வரவில்லை.

"போட்டோ எடுங்க" என்றாள்.

"எதை?"

"அருவியை ஊர் உலகமே பாத்திருக்கு. அருவிக்குப் பின்னால என்ன இருக்குன்னு யார் பாத்திருக்கா? என் தங்கச்சி பாத்திருப்பாளா?"

எடுத்தார். செருப்பும் விழுந்தது.

"ஒன்பது கேட்டு என்னால போச்சு. ஒத்துக்கறேன்" என்றார். "இது யாரால?"

"அதான் மரியாதையா சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்ல. இன்னொண்ணு எடுங்க."

திரும்பி வந்தபோது கேட் பூட்டியிருந்தது. டிக்கெட் அம்மாள் சொன்ன சொல் தட்டாமல் ஊசி போடப் போய்விட்டாள். இருவரும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்கள்.

"பத்தாவது" என்றாள். "இதுல உள்பக்கமும் பாத்தாச்சு."

மேலிருந்து மணி அடித்துக்கொண்டே ஒரு சைக்கிள் வந்தது. மதகை மூடிவிட்டு வந்த மதகுக்காரர். ஏஜென்ட்டின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. வாய் திறக்கவில்லை. அருவியைப் பார்க்கும்வரை என்பது வாக்கு. பார்த்தது பாறையை.

"டிக்கெட்டம்மா போன் பண்ணாங்க" என்று மதகுக்காரர் சாவிக்கொத்தை எடுத்தார். "உள்ள ஒரு நர்சம்மாவும், வாய் பேச வராத ஐயா ஒருத்தரும் இருக்காங்க, பத்திரமா வெளிய விடுன்னாங்க."

ஏஜென்ட்டை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பொறந்ததுலேருந்தேவாம்மா?"

மனைவி சிரித்த சிரிப்பில் கேட்டே ஆடியது. கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு சிரித்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தாள். ஏஜென்ட் போட்டோ எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மூச்சு வாங்கி, கைப்பை ஜிப்பைத் திறந்தாள். இருபத்துநாலு கைப்பிரதிகளையும் அவர் கையில் வைத்தாள்.

"பஸ்ஸுக்கு அரை மணி இருக்கு. பேசுங்க."

ஏஜென்ட் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நிம்மதியா இருக்கீங்களா?"

சாவி பூட்டுக்குள் இருந்தது. மதகுக்காரர் அதைத் திருப்ப மறந்து நின்றார்.