கானுக்குள் ஒரு நேர்முகத் தேர்வு

பதுளையில் போதகர் ஆசீர்வாதம் நடத்திய மாலை வகுப்பில் கிரேக்கம் படித்தவர்கள் நானும் பாக்கியநாதனும் மட்டுமே. மற்றவர்கள் அந்த எழுத்துக்களைப் பார்த்ததுமே பக்கத்து அறைத் தட்டச்சு வகுப்புக்கு மாறிவிட்டார்கள்.

அந்த வாரம் கரும்பலகையில் ஒரே சொல் இருந்தது: தபெய்னொஃப்ரொசூனே. நம் வேதாகமத்தில் மனத்தாழ்மை என்று வருவது. அதன் முதல் பாதி பள்ளமான நிலத்துக்குச் சொல்வது என்றார் போதகர். பழைய கிரேக்கர்களுக்கு அது மரியாதையான சொல் அல்ல, அடிமையின் புத்திக்குத்தான் அது பொருந்தும் என்று நினைத்தார்களாம். அதைப் பாராட்டாகத் திருப்பியவர்கள் கிறிஸ்தவர்கள். மற்றவனைத் தன்னைவிட மேலானவனாக எண்ணும் மனம் என்று எழுதிக்கொண்டேன். சரியாகத்தான் எழுதினேனா என்று பாக்கியநாதனின் கொப்பியையும் எட்டிப் பார்த்தேன்.

பிறகு போதகர் சோக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.

"நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலத் தோட்டக் கோயிலுக்கு, செபம் நடத்த ஒரு உபதேசியார் வேணும். ஒங்க ரெண்டு பேர்ல இந்தச் சொல்லு யாருக்குள்ள எறங்கியிருக்கோ அவருக்குத்தான் அந்த வேல. சனிக்கிழமை அங்க வாங்க. பாத்து முடிவு பண்றேன்."

கோயிலுக்குப் பின்னால் உபதேசியாருக்கு ஒரு தனி அறை உண்டு. எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். கிரேக்க வினைச்சொற்களை நான் அடுப்புப் பக்கம் குந்தித்தான் மனனம் செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பக்கம் படிக்க வேண்டும் என்பது அப்போது என் ஒரே ஆசை. எனவே தாழ்மையில் பாக்கியநாதனைத் தோற்கடித்தே ஆகவேண்டும்.

சனிக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். தோட்டத்து ரோட்டில் அடி எடுத்து வைக்கும்போதே சிக்கல்.

"முன்னுக்குப் போங்கண்ணே," என்றேன்.

"நீங்கதான் அண்ணன். நீங்க போங்க."

"ஒங்களுக்கு முன்னுக்குப் போக நான் யாருங்க?"

"அதையேதான் நானும் கேக்குறேன்."

தோட்டத்தில் மேலாளரான துரை வந்தால் வழியில் இருப்பவர்கள் ரோட்டோர வடிகாலான கானுக்குள் இறங்கி, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பது வழக்கம். அப்பா ஆயுள் முழுக்க அப்படி இறங்கியவர். பள்ளமான நிலம் என்று போதகர் சொன்னது நினைவுக்கு வர, பாக்கியநாதனுக்கு வழிவிட்டு நான் கானுக்குள் இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் அவன் எனக்குப் பக்கத்தில், அரை அடி அதிகம் ஆழமான இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் மலையிலிருந்து வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் கானுக்குள் நிற்பதைப் பார்த்ததும், துரை வருகிறார் என்று முடிவுகட்டி வரிசையாக இறங்கினார்கள். காரணம் ஒருவரும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் துரை நிஜமாகவே ஜீப்பில் வந்தார். ரோட்டில் ஒருவரும் இல்லை. கான் நிறைய ஆட்கள்.

"என்னா இது? பாம்பு இருக்கா?"

எல்லோரும் தலைத்துண்டைக் கையில் எடுத்தார்கள்.

"ஸ்ட்ரைக்கா?"

"இல்லைங்க தொர," என்றான் பாக்கியநாதன். "கிரேக்கம்ங்க."

"கிரேக்கம்? அது எந்த யூனியன்?"

"நாங்க அதுல சேரலைங்க!" என்று பின்னாலிருந்து அவசரமாக ஒரு குரல் வந்தது.

துரைக்குச் சந்தேகம் தீரவில்லை. உள்ளே எதையோ ஒளித்திருக்கிறோம் என்று நினைத்து, ஜீப்பிலிருந்து இறங்கி விளிம்பில் குனிந்து பார்த்தவர், சேற்றில் வழுக்கி எங்கள் நடுவில் வந்து நின்றார். அப்போதுதான் போதகர் வளைவில் நடந்து வந்தார். துரை உட்பட அத்தனை பேரும் பள்ளத்தில், தான் மட்டும் மேட்டில் என்று கண்டதும் அவர் முகம் வெளிறியது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார்.

கடைசியாகப் பூவம்மா என்ற கொழுந்தெடுக்கும் அக்கா வெற்றுக் கூடையோடு வந்தாள்.

"என்னாடி, கல்யாண ஊர்வலமா?" என்று ஒருத்தி கானுக்குள்ளிருந்து கேட்டாள். "ஏன் நடு ரோட்டுல வர்ற? எறங்கு."

"தொரையே உள்ள நிக்கிறாரு. அப்புறம் நான் யாருக்குடி எறங்கணும்?"

அவள் ரோட்டின் இரு பக்கமும் ஆள் தேடினாள். யாரும் கிடைக்காததால் நடுவிலேயே நடந்து போனாள்.

இனி முதலில் ஏறுபவன் தோற்பான் என்று எனக்குத் தெரிந்தது. பாக்கியநாதன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தான். அட்டை ஒன்று என் கெண்டைக்காலில் ஏறியது. அதைப் பிய்த்தெறியவும் தயங்கி நிற்கையில் யோசித்துப் பார்த்தேன்: பாக்கியநாதன் என்னைவிட மேலானவன் என்று ஒரு கணமாவது எண்ணினேனா? இல்லை. அவனுக்கு முன் ஏறிவிடக் கூடாது என்று மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். இப்படி நின்று அந்த அறையை வாங்கினால் அதற்குள் எந்த முகத்தோடு படிப்பது?

ஏறிவிட்டேன்.

"ஐயா," என்றேன். "எனக்கு அந்த வேல வேணும்ங்க. அந்த ரூமுக்காகத்தான் வேணும். தாழ்மை இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல."

போதகர் பாக்கியநாதன் பக்கம் திரும்பினார். "நீ என்னாப்பா சொல்ற?"

"நான் எதுக்குமே தகுதியில்லாதவன்ங்க ஐயா. வெறும் புழு."

போதகர் அங்கியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னயப் பத்தி ஒன்னவிட எனக்கு நல்லாத் தெரியும்னு நான் சொன்னா, அது ஆணவம்," என்றார். "நீ சொல்றத நான் ஏத்துக்கத்தான் வேணும். தகுதியில்லைன்னு நீயே சொல்லிட்ட. வேலய அவருக்குக் குடுத்துர்றேன்."

"ஐயா! அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க!"

போதகரைத் தூக்கிவிட நான் கையை நீட்டினேன்.

"மொதல்ல தொரைய ஏத்துப்பா," என்றார் அவர்.

"நோ, நோ. பாதர் மொதல்ல," என்றார் துரை.

துரை ஏறாமல் நாங்கள் எப்படி ஏறுவது என்று ஆட்கள் அசையவில்லை. மழை பிடித்தது. ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. நான் ரோட்டில் தனியாக, ஒருவரும் பிடிக்காத கையை நீட்டியபடி நின்றேன். கீழேயிருந்து பாக்கியநாதன், தான் அவ்வளவு மோசமான ஆள் இல்லை என்பதற்குச் சாட்சி சொல்லும்படி பக்கத்தில் நின்றவர்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.